ஃபோன் அண்ணனிடம் இருக்கிறது

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பற்றிச் சொல்லும் ஆர்வத்தோடுதான் வெள்ளிமலைக்குப் போனேன். பழைய நூல்களை ஸ்கேன் செய்து, காசில்லாமல் எவரும் படிக்கத் தந்திருக்கிறார்கள். பிளஸ் டூ முடித்த மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருத்தியிடம், "ஃபோனிலேயே படிக்கலாம்" என்றேன். "ஃபோன் அண்ணங்கிட்ட இருக்குக்கா" என்றாள்.

'எவரும்' என்ற சொல் எனக்கு அங்கே இடறியது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் இந்தியாவில் 33 சதவீதம், ஆண்கள் 57. நூலகத்தை ஃபோனுக்குள் கொண்டுபோனால் அது யாருடைய சட்டைப்பைக்குப் போகிறது?

1931-இல் மன்னார்குடி மேலவாசலில் மாட்டுவண்டியில் ஏற்றிய புத்தகங்கள் ஊர் ஊராகப் போயின. (எத்தனை பெண்கள் அவற்றை எடுத்துப் படித்தார்கள் என்பது தனிக்கேள்வி.) வாசகரைத் தேடி நூலகம் போக வேண்டும் என்பதாவது அன்றைக்குப் புரிந்திருந்தது.

இணையத்தில் ஏற்றியதோடு வேலை முடிந்ததென்று நினைப்பதைத்தான் நான் மறுக்கிறேன். 1948 சட்டப்படி வீட்டுவரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள். அதில் மலைக்கு ஒரு கணினி வேண்டும். சிக்னல் போனாலும் திறக்கும்படி நூல்களை அதில் முன்பே இறக்கிவைக்க வேண்டும். கழிப்பறை வேண்டும். காட்டுவேலை முடிந்து வரும் பெண்ணுக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். உறுப்பினராவதற்கு ஓடிபி கேட்கக் கூடாது. அது அண்ணன் எண்ணுக்குத்தான் போகும். மாதவிடாய் பற்றியோ திருமண வயது பற்றியோ அவள் தேடியது அடுத்தவர் கண்ணில் படக் கூடாது.

கிளம்பும்போது, குரூப் 4 புத்தகம் கிடைக்குமா என்று கேட்டாள். அச்சுப் புத்தகமாகவே வேண்டுமாம். "அத யாரும் வாங்கிட்டுப் போக மாட்டாங்கக்கா."