அபூ ஸைத் வழக்கு: முஸ்லிம் யார் என்பதை யார் தீர்மானிப்பது?

நஸ்ர் ஹாமித் அபூ ஸைத் (1943–2010) எகிப்தைச் சேர்ந்த குர்ஆனிய ஆய்வாளர். தன்தா நகரை ஒட்டிய குஹாஃபா என்ற சிற்றூரில் பிறந்து, சிறுவயதிலேயே குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தவர். கெய்ரோ பல்கலைக்கழக அரபுத் துறையில் பணியாற்றினார். 1995 ஜூன் 14 அன்று கெய்ரோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை மார்க்கத்தை விட்டு வெளியேறியவர் (முர்தத்) என்று அறிவித்து, மனைவி இப்திஹால் யூனிஸிடமிருந்து அவரைப் பிரிக்க உத்தரவிட்டது. மணவிலக்கு வேண்டுமென்று கணவனும் கேட்கவில்லை, மனைவியும் கேட்கவில்லை.

முற்போக்கு முஸ்லிம் என்றால் பெயரளவில் மட்டும் முஸ்லிமாக இருப்பவர் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. அவர்களை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் இதில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். அபூ ஸைத் அந்த வகையினர் அல்லர். குர்ஆன் இறைவனிடமிருந்து வந்த வஹீ என்பதை அவர் மறுக்கவில்லை. தான் முஸ்லிம் என்றே இறுதிவரை சொன்னார். அப்படியிருந்தும் அவரை வெளியேற்ற வேண்டியிருந்தது ஏன் என்பதே இவ்வழக்கில் கவனிக்க வேண்டியது.

வழக்கு நடந்த விதம்

1992இல் அவர் பேராசிரியர் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தார். மதிப்பீட்டாளர்களில் ஒருவரான அப்துஸ் ஸபூர் ஷாஹீன் அவரது எழுத்துகளைக் கடுமையாகக் கண்டித்து அறிக்கை தர, 1993இல் பல்கலைக்கழகம் உயர்வை மறுத்தது. 1995இல் அதே பல்கலைக்கழகம் பதவி உயர்வை வழங்கியது. அதற்குள் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது.

எகிப்தியத் தண்டனைச் சட்டத்தில் மதம் மாறுதல் குற்றமாக இல்லை. எனவே வழக்குத் தொடுத்தவர்கள் குடும்பச் சட்டத்தின் வழியாக வந்தார்கள். முஸ்லிம் பெண் முஸ்லிம் அல்லாதவரின் மனைவியாக இருக்க முடியாது. அவர் முஸ்லிம் அல்லர். ஆகவே திருமணம் செல்லாது. மார்க்கத்தைக் காக்க எந்த முஸ்லிமும் வழக்காடலாம் என்ற 'ஹிஸ்பா' கோட்பாடு இதற்குக் கைகொடுத்தது. முதல் நீதிமன்றம் மனுதாரர்களுக்கு இதில் நேரடி நலன் இல்லையென்று தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. ஜின்கள், அர்ஷ் பற்றிய வசனங்களுக்கு அவர் சொல்லுக்குச் சொல் பொருள் கொள்ளாததும், அடிமைப் பெண்கள், ஜிஸ்யா பற்றிய சட்டங்களைக் கடந்தகாலத்துக்கு உரியவையாகக் கண்டதும் தீர்ப்பில் அவருக்கு எதிரான சான்றுகளாயின.

இங்கே நீதிபதிகள் செய்தது என்ன? அவருடைய நூல்களைப் படித்து, பொருள் கொண்டு, அந்தப் பொருளை அவர் மீது சுமத்தினார்கள். எழுதியவர் 'நான் அதைச் சொல்லவில்லை' என்றபோதும் விடவில்லை. தெளிவான வசனத்துக்கு வியாக்கியானம் வேண்டாம் என்ற தீர்ப்பு, தானே நீண்ட வியாக்கியானமாக இருந்தது.

மரபு ஒருகுரலாக இருந்ததா?

இல்லை. குர்ஆன் படைக்கப்பட்டதா, அநாதியானதா என்ற விவாதம் முஃதஸிலாக்கள் காலத்திலேயே நடந்தது. அபூ ஸைதின் தொடக்க ஆய்வே அவர்களைப் பற்றியதுதான். ஆனால் அவர்களைப் பகுத்தறிவு வீரர்களாக மட்டும் கொண்டாடுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 833இல் கலீஃபா மஃமூன் அவர்களின் கொள்கையை ஏற்கும்படி உலமாக்களை விசாரணைக்கு உட்படுத்தினார். மறுத்த அஹ்மத் இப்னு ஹன்பல் சிறைப்பட்டார். நம்பிக்கையைச் சோதிக்கும் அதிகாரம் அன்று 'முற்போக்கு'ப் பக்கம் இருந்தது. இமாம் கஸ்ஸாலி, நபியின் சொல்லை ஏதேனும் ஒரு தளத்தில் உண்மையென ஏற்பவரைக் காஃபிர் என அவசரப்பட்டுச் சொல்லலாகாது என்று தனி நூலே எழுதினார். அவரேதான் மெய்யியலாளர்களை மூன்று கருத்துகளுக்காக இறைமறுப்பாளர் என்றும் தீர்த்தார். மரபில் இரண்டுக்கும் இடமிருந்தது.

அபூ ஸைதிடம் குறை

அவரைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று மட்டும் சொல்வது போதாது. 1990இல் வந்த 'மஃப்ஹூமுந் நஸ்' நூலில் குர்ஆனைப் 'பண்பாட்டு விளைபொருள்' என்றார். அந்தப் பிரதி பிறகு ஒரு பண்பாட்டையே உருவாக்கியது என்றும் சேர்த்துத்தான் சொன்னார். முதல் பாதியே காதில் விழுந்தது. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று எளிய விசுவாசிக்கு எழுகிறது. சில சட்டங்கள் ஏழாம் நூற்றாண்டுக்கு மட்டும் உரியவை என்றால், எவை என்பதை யார் பிரிப்பது? கருத்துச் சுதந்திரம் பற்றிப் பேசினால் இதற்குப் பதில் வராது.

நெதர்லாந்தின் லைடனில் குடியேறிய பின் அவரே இதை எதிர்கொண்டார் என்பதுதான் அவருடைய நேர்மை. குர்ஆனை எழுதப்பட்ட பிரதியாக மட்டும் பார்த்தால், பழமைவாதியும் சீர்திருத்தவாதியும் தத்தமக்கு வேண்டிய பொருளையே அதிலிருந்து எடுப்பார்கள், தானும் அதில் சேர்த்தி என்று ஒப்புக்கொண்டார். குர்ஆன் இறைவன், நபி, மக்காவாசிகள், யூதர், கிறிஸ்தவர் என்று பலரோடும் நடக்கும் உரையாடல் என்ற பார்வைக்கு நகர்ந்தார். 2004இல் வந்த சிறு நூல் இந்த மாற்றத்தைச் சொல்கிறது. கேள்வி இதனால் முழுதும் தீரவில்லை. ஆனால் தன் முறையைத் தானே சந்தேகித்த முற்போக்காளர்கள் அரிது. அவருடைய எதிராளிகளிடம் அது அறவே இல்லை.

1996 ஆகஸ்ட்டில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது. அடுத்த மாதம் வேறொரு நீதிமன்றம் அதை நிறைவேற்றத் தடைவிதித்தது. ஹிஸ்பா வழக்குகளை அரசு வழக்கறிஞர் வழியாக மட்டுமே தொடுக்கலாம் என்று அதே ஆண்டு சட்டமும் வந்தது. 1998இல் ஷாஹீன் ஆதமின் படைப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். இம்முறை மார்க்க விரோதக் குற்றச்சாட்டு அவர் மீதே வந்தது. அபூ ஸைதும் இப்திஹாலும் கணவன் மனைவியாகவே வாழ்ந்தார்கள். 2010 ஜூலை 5 அன்று கெய்ரோவில் அபூ ஸைத் இறந்தபோதும் முர்தத் என்ற அறிவிப்பு ரத்து செய்யப்பட்டிருக்கவில்லை.