மடுவமும் சத்திரசிகிச்சைக் கூடமும்

பிரெஞ்சுத் திரைப்பட நெறியாளர் ஜோர்ஜ் பிரான்ஜூவை (1912–1987) இன்று அறிந்தோருட் பெரும்பாலார் திகிற்படக்காரராகவே அறிவர். அப்பெயரை அவருக்கு ஈட்டித் தந்தது 1960 இல் வெளியான ‘முகமற்ற கண்கள்’ என்னும் ஒரு படமே. ஆயின், அதனினும் கொடிய காட்சியை அவர் பதினொரு ஆண்டுகளுக்கு முன்னரே காட்டிவிட்டார்.

1949 இல் வந்த ‘விலங்குகளின் குருதி’ இருபது நிமிடங்களுக்குச் சற்றே கூடிய விவரணப்படம். பாரிஸ் நகரத்து மடுவங்களே அதன் களம். வெண்குதிரையொன்று சாய்கிறது, கன்றுகளின் கழுத்து அறுபடுகிறது. ஆவி பறக்கும் குருதியின் நடுவே நின்று தொழிலாளி ஒருவன் அக்காலத்து மெல்லிசைப் பாடலொன்றைப் பாடிக்கொண்டே வேலை செய்கிறான். முதன்முறை பார்த்தபோது நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் அவன் கொடியவனல்லன். இத்தொழிலிற் காலையே இழந்த ஒருவரைப் பற்றியும் படம் கூறுகிறது. உண்பவரை விட்டு அறுப்பவனை இகழும் கனவான்களுக்கு இதனினும் தக்க விடை வேறில்லை.

இக்கண் கொண்டு நோக்கினாலன்றி ‘முகமற்ற கண்கள்’ விளங்காது. தன் கவனமற்ற காரோட்டத்தாற் சிதைந்த மகளின் முகத்தைச் சீராக்க, வைத்தியர் ஜெனேசியே பிற பெண்களின் முகத்தோலை உரித்தெடுக்கிறார். அவ்வுரிப்பு, பென்சிற் கோடிட்டு, மிக ஒழுங்காக நடைபெறுகிறது. மடுவத்தில் நாம் கண்ட அதே கைத்திறன்! அங்கே அதற்குக் கிடைத்தது கூலி, இங்கோ புகழ். செல்வச் சீமாட்டிகள் அவர் சொற்பொழிவைக் கேட்டு மெய்மறக்கின்றனர். பலியாவோர் யார்? தங்குவதற்கு அறை தேடியலையும் எட்னா என்னும் மாணவி ஒருத்தி. கடையிற் களவெடுத்துப் பிடிபட்ட மற்றொருத்தியைப் பொலிசாரே தூண்டிலிரையாக்கி அனுப்புகின்றனர்.

எடின்பரோ விழாவிற் சிலர் மயங்கி விழுந்தனர் என்ற செய்தி படத்துக்கு நல்ல விளம்பரமாயிற்று. 1962 இல் அமெரிக்க வணிகர் அதனை வெட்டி, குரல் மாற்றி, ‘டொக்டர் பௌஸ்ரசின் பயங்கரக் கூடம்’ எனப் பெயரிட்டு விற்றனர். வெட்டப்படாத படம் அந்நாட்டுத் திரையரங்குகளை அடைந்தது 2003 இல். 2011 இல் ஸ்பானிய நெறியாளர் அல்மொடோவர் எடுத்த ‘நான் வாழும் தோல்’ என்ற படத்திலும் இதன் சாயல் தெளிவு.

பிரான்ஜூவின் படங்கள் யாவும் ஒரே தரத்தன என்று கூறேன். 1963 இல் எடுத்த ‘ஜூடெக்ஸ்’ அழகியதே. எனினும் வித்தைக்காரனின் கைவிரல் அழகுக்கு மேல் அதிலே கனமில்லை. அதற்கு மாறாக, 1952 இல் வந்த ‘ஓட்டெல் டெஸ் இன்வலீட்ஸ்’ பேசப்படாமற் கிடப்பது அநீதி. படைப்பெருமை பாட வேண்டிய அரும்பொருட்சாலையில் அவர் ஊனமுற்ற போர்வீரரின் முகங்களைத் தேடிச் சென்றார்.

மகள் அணியும் வெண்முகமூடியைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. எட்னாவைப் பற்றி நான் வாசித்தவை சில வரிகளே. யன்னலால் வீழ்ந்து மாண்ட அவளுடைய உடலை வைத்தியர் தம் குடும்பக் கல்லறைக்குள்ளேயே மறைத்துவிடுகிறார். கல்லில் அவள் பெயர் இல்லை.