ஆறு அங்குலக் கரும்பலகை

2025-26 பட்ஜெட்டில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது லேப்டாப் தருவதாகத் தமிழக அரசு அறிவித்ததிலிருந்து ஒரே பேச்சு காதில் விழுந்துகொண்டிருக்கிறது: “ஆளுக்கொரு ஃபோன் இருக்கிறது. என்பிடெல் வகுப்பை அதிலேயே பார்க்கலாமே?” இதைச் சொல்பவர்களில் பேராசிரியர்களும் உண்டு என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பார்க்கலாம்தான். 2016-இல் ஜியோ வந்து டேட்டா மலிந்த பிறகு, என்பிடெல் இணையத்தில் தரும் ஐஐடி வகுப்புகளைக் கிராமம்வரை கொண்டுபோனது ஃபோன். 2021 ஜனவரி முதல் ஏப்ரல்வரை தமிழக அரசு, கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜிபி டேட்டா கொடுத்ததும் அதை நம்பித்தான். டவுன் பஸ்ஸில் நின்றபடி ஒரு வகுப்பைக் கேட்டு முடிக்கலாம். சரி.

கேட்டு முடித்தால் ஆயிற்றா? எங்கள் தெருவில் மூன்றாமாண்டு இன்ஜினியரிங் படிக்கும் பையன், எவர்சில்வர் டம்ளரில் ஃபோனைச் சாய்த்துவைத்துப் பார்ப்பான். பேராசிரியர் பலகையை நிறைத்து ஃபூரியர் தொடர் எழுதுகிறார். கீழே பொடியாக இருப்பது n-ஆ, m-ஆ? இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்குகிறான். சமன்பாட்டின் மறுபாதி திரைக்கு வெளியே போய்விடுகிறது. அதற்குள் ஓர் அழைப்பு.

கண்வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு ஆண்டுக்கணக்காக ஆறாத குறை வேறு. ஃபோனில் வகுப்புக்கும் வேலைக்கும் சேர்த்து இடமில்லை. லேப்டாப்பில் ஒரு பாதியில் பைத்தான் வகுப்பு ஓடும்; மறுபாதியில் அதே நிரலை அடித்துப் பார்க்கலாம், பிழை வந்தால் நிறுத்தித் திருத்தலாம். ஃபோனில் நிரலைத் திறந்தால் வகுப்பு மறைகிறது. இரண்டையும் ஒரே திரையில் நெருக்கினாலோ, கீபோர்டு எழுந்து பாதியை விழுங்கிவிடுகிறது. பையன் எதை விடுவான்? எழுதுவதைத்தான். பிறகு ஒன்றரை வேகம். நிரூபணம் நீண்டால், படத்தில் பாட்டைத் தள்ளிவிடுவதுபோல் பத்துப் பத்து விநாடியாகத் தள்ளல். லேப்டாப்பிலும் தள்ளலாமே என்பார்கள். தள்ளலாம்; அங்கே உட்கார்ந்து செய்து பார்க்கவும் வழி உண்டு. ஃபோன் மாணவனைப் பார்வையாளனாக்கி அனுப்பிவிடுகிறது. கையில் நோட்டுப் புத்தகம் இல்லையா என்று கேட்காதீர்கள். பஸ்ஸில் ஒரு கை கம்பியில், ஒரு கை ஃபோனில்.

பன்னிரண்டு வாரம் இப்படிப் பார்த்துவிட்டுத் தேர்வு மையத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவன், திரும்பி வந்து சொன்னான்: “எல்லாம் பார்த்த கணக்குதான் சார். போட்டுத்தான் பார்க்கல.”

அதனால்தான் அந்த அறிவிப்பில் ‘டேப்லெட் அல்லது’ என்ற சொற்கள் எனக்கு உறுத்துகின்றன. கீபோர்டு இல்லாத டேப்லெட்டும் ஃபோனுக்கு அண்ணன்தானே? லேப்டாப் என்று மட்டும் சொல்லியிருக்கலாம்.