விவாகரத்து வழக்கில் எஞ்சியிருக்கும் சோரம்

இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று, ஜோசப் ஷைன் வழக்கில், தண்டனைச் சட்டத்தில் சோரத்தைக் குற்றமாக்கிய 497ஆம் பிரிவை இல்லாமற் செய்தது. அதைப் பெரிய விடுதலையாகப் பேசுகிறவர்கள் எங்கள் ஊரான கப்பல்துறையிலும் இருக்கிறார்கள். இலங்கையும் அந்த வழியில் போகவேண்டும் என்கிறார்கள்.

நல்ல தீர்ப்புத்தான். கணவன் சம்மதித்தால் குற்றமில்லை, சம்மதியாவிட்டால் மற்ற ஆணுக்கு ஐந்தாண்டு வரை சிறை என்ற அந்தப் பிரிவு, மனைவியைக் கணவனின் உடைமையாகவே வைத்திருந்தது. 1985இல் நீதிபதி ஒய். வி. சந்திரசூட் செல்லும் என்றதை, அவருடைய மகனும் இருந்த அமர்வு செல்லாதென்றது.

ஆனால் இலங்கை இதற்காக எங்கும் போகத் தேவையில்லை. 1883இன் தண்டனைச் சட்டக்கோவை இந்தியக் கோவையைப் பின்பற்றி எழுதப்பட்டது. அப்படியிருந்தும் சோரம் அதில் குற்றமாக இடம்பெறவில்லை. நூற்றுநாற்பது ஆண்டுகளாகக் கள்ளத்தொடர்புக்காக இந்தக் கோவையின்கீழ் ஒருவரும் மறியலுக்குப் போகவேண்டியிருக்கவில்லை. அதனால் எங்கள் பெண்களுக்கு மானம் மிஞ்சியதா?

இலங்கையின் பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்கு மூன்றே காரணங்கள்: சோரம், வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறை. அடி, உதை தனிக் காரணமில்லை. சட்டத்தரணி அதைக் 'கைவிடுதல்' என்ற சொல்லுக்குள் மடித்து வைக்கவேண்டும். சோரம் என்று வழக்கு வைத்தால், உறவு வைத்திருந்ததாகச் சொல்லப்படும் ஆளையும் பிரதிவாதியாகச் சேர்க்கவேண்டும். அவரிடம் நட்டஈடும் கேட்கலாம். எனக்குப் பொறுக்காதது இதுதான். வாழ்க்கைத்துணையை இழந்ததற்குக் காசு! டில்லியில் நீதிபதிகள் எந்த உடைமைக் கணக்கைக் கிழித்தார்களோ, அதே கணக்கு இங்கே குடியியல் வழக்கில் நடக்கிறது. இருதரப்பும் கேட்கலாம் என்பதால் அது நியாயமாகிவிடாது. எங்களுடையது போன்ற ஊரில் முறைப்பாட்டில் ஒரு பெண்ணின் பெயர் ஏறினால், விசாரணைத் தேதிக்கு முன்பே தேத்தண்ணிக் கடைகள் தீர்ப்புச் சொல்லிவிடும். அந்தப் பெயரைப் பிறகு எந்த நீதிபதியாலும் எடுக்க முடியாது.

1952இன் கண்டிய விவாகச் சட்டம் இன்னும் மோசமான ஓரவஞ்சனை செய்கிறது: மனைவியின் சோரம் மட்டுமே போதும், கணவனுடையது என்றால் முறைகெட்ட உறவோ கொடுமையோ கூட இருக்கவேண்டும். ஆனாலும் அந்தச் சட்டத்தில், இருவரும் சம்மதித்துப் பிரிவதற்கு இடமிருக்கிறது. பொதுச் சட்டத்தின்கீழ் மணமுடித்த எங்களுக்கு அது இல்லை. டில்லித் தீர்ப்பைக் கொண்டாடுகிறவர்கள் அந்த ஒன்றைக் கேட்டிருந்தால், நானும் அவர்களோடு நின்றிருப்பேன்.