விடியாத விளக்கு: நாடகத்திலும் கவிதையிலும் மாயையும் இழப்பும்

உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் மாயையை, விடியும்வரை எரியும் விளக்குக்கு ஒப்பிடுவர். சித்தாந்தம் கூறும் மாயை பொய்த்தோற்றமன்று. உடலுக்கும் உலகுக்கும் முதற்காரணமான பொருள். எனினும், மனிதன் தனக்குத் தானே புனைந்துகொள்ளும் மாயைக்கும் இவ்வுவமை பொருந்துகின்றது. பாதுகாப்பற்ற வாழ்வில் அதுவே சிறு வெளிச்சம் தருகின்றது. விடியுமுன்னரே விளக்கு அணைந்துவிடின் எஞ்சுவது யாது என்பதே நவீன இலக்கியம் எழுப்பும் வினா.

1944இல் சிக்காக்கோவில் முதன்முதல் மேடையேறியதும், பின்னர் க. பாலேந்திராவின் நெறியாள்கையில் 'கண்ணாடி வார்ப்புகள்' எனத் தமிழில் நிகழ்த்தப்பட்டதுமான ரெனஸி வில்லியம்ஸின் நாடகம் இதற்குத் தக்க சான்றாகும். 1930களின் பொருளாதார மந்தத்திடையே, கணவனாற் கைவிடப்பட்ட அமண்டா தன் இளமைப் பெருமிதத்திலும், காற்குறையுடைய மகள் லோறா கண்ணாடிப் பொம்மைகளிலும், சப்பாத்துக் களஞ்சியத்தில் உழலும் மகன் ரொம் திரைப்படங்களிலும் புகலிடம் தேடுகின்றனர். ஜிம் விருந்துக்கு வந்த இரவில் மின்சாரம் நின்றுவிடுகின்றது. கட்டணத்துக்குரிய பணத்தை ரொம் மாலுமிகள் சங்கத்துக்குச் செலுத்தியிருந்தான். ஒருவனது கனவே குடும்பத்தின் ஒளியைப் பறிக்கின்றது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கண்ணாடிக் குதிரையின் ஒற்றைக்கொம்பு முறிகின்றது. இனி அது ஏனைய குதிரைகளைப் போன்றதே என லோறா தேறுகின்றாள். ஆயினும் ஜிம் வேறொருத்திக்கு நிச்சயிக்கப்பட்டவன். பின்னாளில் இவற்றை நினைவுகூரும் ரொம், வீட்டை நீங்கியும் தமக்கையை நீங்க இயலாதவனாகின்றான். இறுதியில் லோறாவே மெழுகுவர்த்திகளை ஊதி அணைக்கின்றாள், விடிவு காட்டப்படுவதில்லை.

நாடகம் பொருள்களாற் காட்டுவதைக் கவிதை சொல்லின் தடுமாற்றத்தாற் காட்டவல்லது. றொபேட் புறொஸ்ற்றின் 'ஹோம் பெரியல்' (1914), குழந்தையை இழந்த தம்பதியரின் உரையாடலாக அமைந்தது. தன் கையாலேயே குழி தோண்டிய கணவன், வீட்டினுள் வந்து உக்கிப்போகும் வேலியைப் பற்றிப் பேசுகின்றான். மனைவிக்கு அது கல்நெஞ்சின் அடையாளம். வாசகனுக்கோ, துயரைச் சொல்ல வேறு மொழி அறியாதவனின் புலம்பலாகவும் கேட்கின்றது. இங்கு மாயை என்பது கனவன்று. மற்றவருக்குத் துயரில்லை என்னும் நம்பிக்கையே அது. இம்மாயை வெளிச்சம் தருவதுமில்லை. திறந்த கதவும், பலவந்தமாகவேனும் திருப்பி அழைத்துவருவேன் என்னும் கணவனின் எச்சரிக்கையுமாகக் கவிதை முடிகின்றது. புகலிடமாக வேண்டிய வீடே பாதுகாப்பற்றதாகின்றது.

வில்லியம்ஸின் மாந்தருக்கு மாயை கலைவதே இழப்பு. புறொஸ்ற்றின் தம்பதியருக்கோ இழப்பே மாயையைத் தோற்றுவிக்கின்றது. ஆகவே மாயையைப் பழிப்பதோடு திறனாய்வு அமைந்துவிடலாகாது. அவ்விளக்கை ஏற்றத் தூண்டிய இருள் எத்தகையது என்பதையும் அது ஆராய்தல் வேண்டும்.