பிளவுண்ட மனமும் கொலைவாளும்

ஒருவருள்ளே பல ஆளுமைகள் பிரிந்தியங்கும் மனநோயைத் திரைப்படங்கள் எவ்வாறு காட்டுகின்றன? சதோஷி கோன் நெறிப்படுத்திய 'பெர்ஃபெக்ட் புளூ' (1997) என்னும் ஜப்பானியச் சித்திரப்படத்தில், முன்னாள் பாடகி ரூமி தன்னையே இளம்பாடகி மீமாவென நம்பிக் கொலைவெறி கொள்கிறாள். ஷங்கரின் 'அந்நிய'னிலோ (2005), அம்பி, ரெமோ, அந்நியன் என மூவராய்ப் பிளவுண்டவன் மரண தண்டனை வழங்குகிறான். இரண்டிலும் நோயாளியே கொலையாளி!

ஆயினும், ஜப்பானியப் படம் பெண்ணின் உருவத்தைச் சரக்காக்கும் கேளிக்கை வணிகத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. 'அந்நிய'னும் அதிகாரிகளின் அசட்டையால் தங்கை மின்சாரம் தாக்கி மடிந்ததையே நோயின் வேராகக் காட்டுகிறது; ஆனால், மக்கள் திரண்டு நீதி கேட்கவேண்டிய இடத்தில், தனியொருவன் கையில் கருட புராணத் தண்டனையைக் கொடுத்துவிடுகிறது.

மெய்யில் இந்நோய் பெரும்பாலும் குழந்தைப் பருவக் கொடுமையின் வடு. நோயுற்றோர் பிறரைவிடத் தம்மையே வருத்திக் கொள்வர்.

செங்கலடியில் வாழும் நமக்கு இது வெறும் ரசனைக் கேள்வியன்று. 2009 வரை நீடித்த போரிலும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் மனம் காயமுற்றோர் நம் மட்டக்களப்பு மாவட்டமெங்கும் வாழ்கின்றனர். அவர்களைக் கண்டு அஞ்சவும் நகைக்கவும் இத்தகைய படங்கள் நம் மாணவரைப் பழக்குகின்றன. நோயாளியைப் பேயாக்காமல், காயத்தை உண்டாக்கியவர் எவரெனக் கேட்பதே மக்கள் கலை. ஆசிரியத் தோழர்களே, அக்கேள்வியை வகுப்பறைக்குக் கொண்டு செல்வோம்!