கால் பங்கு மங்கல்: விரையும் பேரண்டத்தை எப்படி ரசிப்பது

பேரண்டத்தின் விரிவை விரைவுபடுத்தும் இருள் ஆற்றலை ரசிக்க விரும்புகிறவர் முதலில் ஒதுக்கி வைக்க வேண்டியது, தொலைநோக்கிகள் அனுப்பும் வண்ணப் படங்களை. அவை அழகானவைதான், ஆனால் நாம் தேடுவது அவற்றில் இல்லை. நகர வெளிச்சம் இல்லாத ஊரில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் ஆண்ட்ரோமீடா காலக்ஸி நம்மை விட்டு விலகவில்லை, நெருங்கிக்கொண்டிருக்கிறது. காலக்ஸிகளுக்கு உள்ளேயும், ஒன்றையொன்று பிணைத்துக்கொண்ட காலக்ஸிக் கூட்டங்களிலும் ஈர்ப்பு எப்போதோ வென்றுவிட்டது. ஒரு கன மீட்டர் வெளியில் இருக்கும் இருள் ஆற்றல், நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் நிறைக்குக்கூட ஈடாகாது. இவ்வளவு சொற்பமான ஒன்றைக் கண்ணால் பார்க்க முடியாது, படித்துத்தான் அறிய வேண்டும். படிக்க வேண்டியது ஒரு வரைபடம்: 1998இல் ஆடம் ரீஸும் அவர் குழுவினரும், அடுத்த ஆண்டு சால் பெர்ல்மட்டரின் குழுவினரும் வெளியிட்ட, சில டஜன் புள்ளிகள் மட்டுமே கொண்ட வரைபடம். ஒவ்வொரு புள்ளியும் தொலைவில் நிகழ்ந்த ஒரு விண்மீன் வெடிப்பு. இருபதாம் நூற்றாண்டு அறிவியல் தந்த மிக அழகான படங்களில் ஒன்றாக அதை நான் கருதுகிறேன். எத்தனை கேள்விகளால் மோதியும் அது உடையாமல் நிற்கிறது என்பதில்தான் அதன் அழகு இருக்கிறது. ஆகவே அதை ரசிக்கும் வழியும் சந்தேகப்படுவதுதான்.

படத்தின் அடிக்கோட்டில் செம்பெயர்ச்சி, நிமிர்கோட்டில் மங்கல். செம்பெயர்ச்சி என்பது, ஒளி புறப்பட்டு நம்மை வந்தடைவதற்குள் வெளி எத்தனை மடங்கு கூடுதலாக நீண்டது என்பதன் கணக்கு. செம்பெயர்ச்சி 0.5 என்றால் அந்த ஒளி கிளம்பியபோது காலக்ஸிகளுக்கு இடையிலான தொலைவுகள் இன்றிருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மங்கலோ, ஒளி கடந்த தொலைவைச் சொல்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிப்பதில்தான் முழு நுட்பமும் அடங்கியிருக்கிறது. வெளி முன்பு வேகமாக விரிந்து, பிறகு ஈர்ப்பால் தளர்ந்திருந்தால், அந்த ஒன்றரை மடங்கு நீட்சி குறைந்த காலத்திலேயே நடந்து முடிந்திருக்கும். ஒளிக்குக் கிடைத்த பயண நேரம் குறைவு, தொலைவும் குறைவு, வெடிப்பு சற்றுப் பிரகாசமாகத் தெரியும். மாறாக முன்பு மெதுவாக விரிந்து பின்னர் வேகம் கூடியிருந்தால், அதே நீட்சிக்கு அதிக காலம் பிடித்திருக்கும். ஒளி கூடுதல் தொலைவு பயணம் செய்திருக்கும். வெடிப்பு மங்கலாகத் தெரியும். இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் வரும். தொலைவிலுள்ள காலக்ஸி அதிக வேகத்தில் விலகுகிறது என்று 1929இலேயே வானியலாளர் ஹபிள் காட்டிவிட்டாரே, முடுக்கம் என்பது அதுதானே? இல்லை. சீரான வேகத்தில் விரியும் பேரண்டத்திலும் தொலைவுக்கேற்ப விலகு வேகம் கூடவே செய்யும். முடுக்கத்தை அறிய, அந்த நேர்க்கோடு தொலைவில் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்க்க வேண்டும். அந்த வளைவு மிகச் சிறியது என்பதால்தான் ஹபிளுக்குப் பின் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் பிடித்தன.

வளைவைக் காண, பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலும் தெரிகிற, உண்மையான பிரகாசம் நமக்குத் தெரிந்த விளக்கு ஒன்று தேவை. வகை 1ஏ சூப்பர்நோவாக்கள் எனும் விண்மீன் வெடிப்புகள்தான் அந்த விளக்குகள். இங்கே நம்மவர் ஒருவர் நேரடியாக வருகிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், அந்தப் பயணத்தில் தொடங்கிய கணக்கின் மூலம், வெள்ளைக் குள்ள விண்மீனின் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று கண்டார். அந்த வரம்பு சூரியனின் நிறையைப்போல் சுமார் 1.4 மடங்கு. துணை விண்மீனிடமிருந்து பொருளை உறிஞ்சி அந்த எல்லையை நெருங்கும் வெள்ளைக் குள்ளன் அணு எரிப்பில் முற்றாகச் சிதறுகிறது. ஏறத்தாழ ஒரே நிறை என்பதால் ஏறத்தாழ ஒரே பிரகாசம். ஆனால் ‘ஏறத்தாழ’ போதாது. தேடுகிற வளைவே பிரகாசத்தில் கால் பங்கு வேறுபாடுதான் எனும்போது விளக்குகள் தமக்குள் அதைவிட அதிகம் வேறுபட்டால் என்ன பயன்? வேறுபடத்தான் செய்தன. சில வெடிப்புகள் இரண்டு வெள்ளைக் குள்ளர்கள் மோதி நிகழ்பவை என்றும் கருதப்படுகிறது. இந்தச் சிக்கலை அவிழ்த்தது 1993இல் சிலியில் பணியாற்றிய மார்க் பிலிப்ஸ் காட்டிய ஒழுங்கு: பிரகாசமான வெடிப்பு மெதுவாக மங்குகிறது, பிரகாசம் குறைந்தது விரைவாக மங்குகிறது. மங்கும் வேகத்தை அளந்தால் உண்மையான பிரகாசத்தைத் திருத்திக்கொள்ளலாம். பலரும் முடுக்கத்தைக் கண்டறிந்ததற்குக் கிடைத்த நோபல் பரிசையே நினைவில் வைத்திருக்கிறார்கள். இந்தத் திருத்தம் இல்லாமல் அந்தப் பரிசு இல்லை என்பதையும் நினைவில் வைப்பது நியாயம்.

ஒரு காலக்ஸியில் இத்தகைய வெடிப்பு சில நூற்றாண்டுகளுக்கு ஒருமுறைதான் நிகழும். ஆகவே ஆயிரக்கணக்கான காலக்ஸிகளை அமாவாசையை ஒட்டிப் படமெடுத்து, மூன்று வாரம் கழித்து மீண்டும் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்த்தார்கள். கழித்த பின் மிஞ்சும் புதிய புள்ளிதான் சூப்பர்நோவா. பெர்ல்மட்டரின் குழுவும், பிரையன் ஷ்மிட்டும் ரீஸும் இருந்த குழுவும் போட்டியிட்டுக்கொண்டு அளக்கப் புறப்பட்டது விரிவு எவ்வளவு தளர்கிறது என்பதை. கிடைத்ததோ நேர்மாறு. பொருள் மட்டுமே உள்ள, குறைந்த அடர்த்திப் பேரண்டத்தில் எதிர்பார்த்ததைவிட 10 முதல் 15 விழுக்காடு கூடுதல் தொலைவில் வெடிப்புகள் இருந்தன. அதாவது ஒளி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கிலிருந்து கால் பங்குவரை குறைவு. வரைபடத்தில் புள்ளிகள், தளரும் பேரண்டத்தின் கோட்டுக்கு மேலே சற்றே ஏறி நிற்கின்றன. அந்தச் சிறு ஏற்றத்தைக் கண்டுகொண்டவருக்குச் செய்தி கைக்கு வந்துவிட்டது.

இனி மோத வேண்டிய நேரம். இரவு நெடுஞ்சாலையில் எதிரே வரும் லாரியின் விளக்கு மங்கலாகத் தெரிந்தால், அது தொலைவில் இருக்கலாம், அல்லது நடுவே பனிமூட்டம் இருக்கலாம். விண்வெளித் தூசி அந்த மூட்டமாக இருக்கக் கூடாதா? சாதாரணத் தூசி நீல ஒளியை அதிகம் தடுத்து விண்மீனைச் சிவக்கச் செய்யும். இரு குழுவினரும் ஒன்றுக்கு மேற்பட்ட வண்ண வடிகட்டிகளில் அளந்ததே அந்தச் சிவப்பைப் பிடிக்கத்தான். எல்லா நிறத்தையும் ஒரே அளவில் தடுக்கும் ‘சாம்பல் தூசி’ இருந்தால்? இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனெனில் இதற்குக் கிடைத்த பதில் கேள்வியைவிட அழகானது. தூசி என்றால் தொலைவு கூடக்கூட மங்கலும் கூடிக்கொண்டே போக வேண்டும். இருள் ஆற்றல் என்றால் அப்படியல்ல: ஆதியில் பொருள் நெருக்கமாக இருந்தபோது ஈர்ப்பின் கை ஓங்கியிருந்தது, விரிவு தளர்ந்துதான் வந்தது, முடுக்கம் தொடங்கியது ஐந்தாறு நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். ஆகவே மிகத் தொலைவில் மங்கலின் மிகை குறைய வேண்டும். 2001இல், செம்பெயர்ச்சி சுமார் 1.7 கொண்ட 1997எஃப்எஃப் என்ற சூப்பர்நோவாவை ஹபிள் தொலைநோக்கியின் படங்களைக் கொண்டு ஆராய்ந்தபோது, அது தூசிக் கோட்பாடு சொன்னதைவிடப் பிரகாசமாக இருந்தது. ஒற்றைச் சூப்பர்நோவாவை மட்டும் நம்பலாமா என்று கேட்டவர்களுக்கு, 2004இல் ஹபிள் தந்த மேலும் பல வெடிப்புகள் அதே திருப்பத்தைக் காட்டின. வரைபடத்தில் கோடு ஏறிப் பின் தணியும் அந்த இடத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். பேரண்டம் கியர் மாற்றிய காலம் அங்கே பதிவாகியிருக்கிறது.

தூசியைவிடக் கடினமான ஆட்சேபம் இன்னொன்று: பழங்காலத்து வெடிப்புகளே இன்றையவற்றிலிருந்து வேறு தன்மையுடையவை என்றால்? தாய் விண்மீனின் வயதுக்கேற்பப் பிரகாசம் மாறுகிறது என்று தென்கொரியாவின் யோன்செய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். இதை அலட்சியப்படுத்துவது தவறு. விளக்குகளை இன்னும் கவனமாகத் திருத்த வேண்டியிருக்கலாம். ஆனால் சூப்பர்நோவா ஒன்றைக்கூடத் தொடாமலேயே அதே இடத்துக்கு வந்துசேரும் வழி இருக்கிறது. அண்டார்டிகாவின் வானில் பலூனில் பறந்த பூமராங் கருவி 2000இல் வெளியிட்ட முடிவும், பின்னர் டபிள்யூமேப், பிளாங்க் விண்கலங்களின் அளவீடுகளும், ஆதிகால நுண்ணலைக் கதிர்வீச்சைக் கொண்டு வெளி வளைவின்றித் தட்டையாக இருப்பதைக் காட்டின. தட்டையாக இருக்கத் தேவையான அடர்த்தியில், எல்லாச் சாதாரணப் பொருளையும், கண்ணுக்குத் தெரியாத இருள் பொருளையும் கூட்டினாலும் சுமார் 30 விழுக்காடுதான் தேறுகிறது. மீதி சுமார் 70. சூப்பர்நோவாக்கள் கேட்ட பங்கும் அதே 70தான். வேறு கருவி, வேறு காலம், வேறு இயற்பியல், விடை ஒன்று.

பெயர் வைத்தால் அறியாமை அறிவாகிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நேர்மையானது, ஆனால் நாம் பெயரை மட்டும் வைத்திருக்கவில்லை, ஒரு குணத்தையும் அளந்திருக்கிறோம்: வெளி விரிய விரியப் பொருள் நீர்த்துப்போகிறது, இது நீர்க்கவில்லை, அல்லது மிகச் சொற்பமாகவே நீர்க்கிறது. துளியும் நீர்க்காது என்றால், ஐன்ஸ்டைன் 1917இல் தம் சமன்பாட்டில் சேர்த்து, பிறகு கைவிட்ட அண்டவியல் மாறிலிதான் அது. வெற்றிடத்தின் ஆற்றலாக அதைக் கணக்கிடப் போனால் 1க்குப் பின் 120 சுழியன்கள் கொண்ட எண் அளவுக்கு விடை பிசகுகிறது. இதைச் சரிசெய்யும் கோட்பாடு யாரிடமும் இல்லை. அமெரிக்காவின் கிட் பீக் மலையில், 5,000 ஒளியிழைகளால் காலக்ஸிகளின் நிறமாலையைப் பதிவுசெய்யும் டெசி கருவி 2024இலும் 2025இலும் வெளியிட்ட முடிவுகள், இருள் ஆற்றல் அண்மைக் காலத்தில் தளர்ந்து வருகிறதோ என்ற ஐயத்தை எழுப்பியிருக்கின்றன. இச்செய்தியைப் படிக்கும்போது தலைப்போடு நின்றுவிடாமல் ஒன்றைத் தேடுங்கள்: டெசியின் அளவுகளோடு எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்த்தார்கள்? 2025 முடிவுகளில், ஒரு தொகுப்போடு சேர்த்தால் ஐயத்தின் வலிமை 2.8 சிக்மா, இன்னொன்றோடு 4.2 சிக்மா; கண்டுபிடிப்பு என்று அறிவிக்க இயற்பியலாளர்கள் கேட்பது 5. தொகுப்பை மாற்றினால் விடை இவ்வளவு நகர்கிறது என்றால், மீண்டும் அந்த விளக்குகளின் திருத்தத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. சிலியில் 2025இல் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் ஆய்வகம், வருங்காலத்தில் புதிய வெடிப்புகளைப் பெருந்தொகையாக இந்த வரைபடத்தில் சேர்க்கப்போகிறது.